‘கிவ் அப்’: கைவிடுதலா, கையளித்தலா?

2019-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த பங்குப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. கோவிலை ஒட்டிய கூடம், முப்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை. ஒருநாள், இரண்டு சிறு சொற்கள் இணைந்து புதியதொரு பொருள் தரும் ஆங்கில வினைகளை எழுதிப் போட்டு விளக்கிக்கொண்டிருந்தோம். ‘கிவ்’ என்றால் கொடு. ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் ‘கைவிடு’, ‘முயற்சியை விட்டுவிடு’ என்று பொருள் என எழுதினோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். கடற்கரை ஊரிலிருந்து வருபவள், அதிகம் பேசாதவள்.

“சார், ஆங்கில பைபிள்ல யோவான் நற்செய்தியில, சிலுவையில இயேசு ஆவியை ‘கிவ் அப்’ பண்ணினார்னு இருக்கே. அப்படின்னா அவரும் முடியாதுன்னு விட்டுட்டாரா?”

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. “அங்கே அதற்கு வேறு பொருள்” என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிட்டோம். பதில் சொன்னோம் என்பதைவிடப் பதிலைத் தவிர்த்தோம் என்பதே உண்மை. அந்த உறுத்தல்தான் இந்தச் சிறு சொல்லின் வரலாற்றைத் தேடிப்போகச் செய்தது. தேடிப்போன இடத்தில் இலக்கணத்தோடு கோட்டைகளும், துறவு மடங்களும், தூக்குக் கயிறுகளும் எதிர்ப்பட்டன.

இவ்வகை வினைகளுக்கு ‘ஃபிரேசல் வெர்ப்’ என்று ஆங்கிலேயர் பெயரிட்டது அண்மைக் காலத்தில்தான். லோகன் பியர்சால் ஸ்மித் என்னும் எழுத்தாளர் 1925-இல் வெளியிட்ட நூலொன்றில் இப்பெயரைப் பரப்பினார். ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லியே இதைத் தமக்குச் சொன்னவர் என்றும் அவர் குறிப்பிட்டார். பெயர் புதிது, பொருள் பழையது. 1755-இல் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ஆங்கிலம் கற்கும் அயல்நாட்டாரைப் பெரிதும் இடர்ப்படுத்துவது இத்தகைய இணைவினைகளே என்று அதன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். நம் வகுப்புப் பிள்ளைகள் பட்ட பாட்டை அவர் இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தார் எனலாம்.

ஆனால் தமிழர்க்கு இது முற்றிலும் புதிதன்று. ‘கொடு’ என்னும் நம் வினையை எடுத்துக்கொள்வோம். அதன் முன் ஒரு வினையெச்சத்தை வைத்தால் ‘காட்டிக்கொடு’ ஆகிறது, அது துரோகம். இன்னொன்றை வைத்தால் ‘விட்டுக்கொடு’ ஆகிறது, அது பெருந்தன்மை. ‘ஒப்புக்கொடு’ என்றாலோ பலி. ஆங்கிலத்தில் ஒட்டுச்சொல் பின்னால் வருகிறது, நமக்கு முன்னால் வருகிறது. கொடுத்தல் என்னும் ஒரே செயல் எதிரெதிர் திசைகளில் ஓடுவது இரு மொழிக்கும் பொது. ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் இம்மூன்றையும் மூன்று சொல்லாக்கி வேலியிட்டது. ஆங்கிலம் பல பொருள்களையும் ‘கிவ் அப்’ என்னும் ஒரே கூரையின் கீழ் குடிவைத்தது. மாணவியின் கேள்வி பிறந்த இடம் அதுவே.

தொடக்க கால ஆங்கிலம் இப்படி இல்லை. அன்று ஒட்டுச்சொல் நம்மைப்போல் முன்னாலேயே நின்றது. ‘கிஃபன்’ என்றால் கொடுத்தல். ‘ஆகிஃபன்’ என்றால் திருப்பிக் கொடுத்தல், ஒப்படைத்தல். ‘ஃபர்கிஃபன்’ என்பது இன்றைய ‘ஃபர்கிவ்’, அதாவது மன்னித்தல். மன்னிப்பு என்னும் ஆங்கிலச் சொல்லின் வயிற்றுக்குள்ளும் ‘கொடு’ என்னும் வினையே இருப்பதைப் பாவசங்கீர்த்தனத்துக்குச் செல்லும் நாம் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நற்செய்திகளை அம்மொழியில் பெயர்த்தவர்கள், யோவான் 19:30-இல் இயேசு ஆவியை ஒப்படைத்ததைக் கூற ‘ஆகிஃபன்’ என்னும் வினையையே கையாண்டார்கள்.

பின்னர் முன்னொட்டுகள் தேய்ந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க்கிலிருந்து படையெடுத்து வந்து இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் குடியேறியவர்களின் மொழியில் ‘கெஃபா உப்’ என்றொரு வழக்கு இருந்தது. அண்டை வீட்டாராக வாழ்ந்த ஆங்கிலேயர் அவ்வழக்கைத் தம் மொழிக்கு ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இந்த ‘அப்’ மேல்நோக்கிய திசையை மட்டும் சொல்வதன்று, முழுமையையும் சொல்வது. ‘ஈட் அப்’ என்றால் மிச்சமின்றி உண்; ‘டிரிங்க் அப்’ என்றால் கடைசித் துளிவரை குடி. அவ்வழியே ‘கிவ் அப்’ என்பதும் கையில் ஒன்றும் எஞ்சாமல் கொடுத்துவிடுதல்.

இந்தத் தொடர் ஆங்கில எழுத்தில் இடம்பெற்றதற்கு இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, நம் திருச்சபையோடு நெருங்கிய தொடர்புடையது. டேனியர் குடியேறிய அதே கிழக்குப் பகுதியில் பீட்டர்பரோ என்னும் ஊரில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் பெரிய மடம் ஒன்று இருந்தது. 1116-இல் அது தீக்கிரையானது. நூல்களை இழந்த துறவியர், வேறிடத்திலிருந்து இரவல் பெற்ற ஏட்டைப் பார்த்து நாட்டின் ஆண்டுக் குறிப்பேட்டை மீண்டும் எழுதினர். பிறகு அதைத் தாமே தொடர்ந்தனர். நார்மானியர் 1066-இல் நாட்டைப் பிடித்தபின் ஏனைய மடங்களில் ஆங்கிலக் குறிப்பேடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கற்றோர் இலத்தீனில் எழுதினர். ஆண்டோர் பிரெஞ்சு பேசினர். பீட்டர்பரோவில் மட்டும் மக்கள் மொழியில் எழுதும் வழக்கம் 1154-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் வரை தொடர்ந்தது. அதனால்தான் தெருவிலும் சமையற்கட்டிலும் வழங்கிய ‘கிவ் அப்’ போன்ற சொல் ஏட்டில் ஏறியது.

அந்த ஏட்டில் 1137-ஆம் ஆண்டின் கீழ் எழுதப்பட்டிருக்கும் செய்தி உண்மையில் 1139-இல் நிகழ்ந்தது. ஸ்டீபன் மன்னன் ஆக்ஸ்போர்டில் அவை கூட்டினான். அங்கே சால்ஸ்பரி ஆயர் ரோஜரையும், லிங்கன் ஆயர் அலெக்சாண்டரையும், மன்னனின் சான்சலராக இருந்த இன்னொரு ரோஜரையும் சிறைப்பிடித்தான். அவர்கள் தங்கள் கோட்டைகளைக் ‘கிவ் அப்’ செய்யும்வரை சிறையில் வைத்திருந்தான் என்று துறவி எழுதுகிறார்.

ஆயர்களுக்குக் கோட்டை எதற்கு என்று வாசகர் கேட்பர். நியாயமான கேள்வி, அக்காலத்தவர் சிலரும் கேட்டதுதான். சால்ஸ்பரி ரோஜர் முந்திய மன்னன் முதலாம் ஹென்றியின் வலக்கையாக இருந்து நாட்டின் நிதியையும் நீதியையும் நடத்தியவர். டிவைசஸ், ஷெர்போர்ன் முதலிய இடங்களில் வலிமைமிக்க கோட்டைகளைக் கட்டினார். லிங்கன் அலெக்சாண்டர் அவருடைய உறவினர். நியூவார்க், ஸ்லீஃபோர்டு கோட்டைகள் அவருடையவை. செங்கோலை மேய்ப்பர் கோலோடு ஒரே கையில் பிடிக்க முயன்ற காலம் அது.

சான்சலர் ரோஜரை ஆயரின் மருமகன் என்று குறிப்பேடு எழுதுகிறது. அவர் ஆயரின் மகனே என்பதும், தாயின் பெயர் ராம்ஸ்பரி மட்டில்டா என்பதும் வேறு சான்றுகளால் தெரிகின்றன. இத்தகைய செய்திகளை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஆர்டெரிக் விட்டாலிஸ் என்னும் அக்காலத் துறவி வரைந்த வரலாற்றின்படி, டிவைசஸ் கோட்டையின் உட்காப்பு மட்டில்டாவின் பொறுப்பில் இருந்தது. மன்னன் படையோடு வந்தான். கோட்டையைத் தராவிட்டால் உன் மகன் உன் கண் முன்னே தூக்கில் தொங்குவான் என்றான். அவள் கோட்டையைக் கொடுத்தாள். மகன் உயிர் பிழைத்தான். ஆயர் ரோஜர் அந்த ஆண்டின் டிசம்பரிலேயே இறந்தார்.

‘கிவ் அப்’ என்பதன் தொடக்கச் சான்றுகளுள் ஒன்று இப்படி இருக்கிறது. இதைத் தோல்வி என்று படைத்தலைவன் சொல்வான். ஒரு தாய் என்ன சொல்வாள்? கல்லால் கட்டிய சுவரைக் கொடுத்துத் தன் வயிற்றில் பிறந்தவனை வாங்கினாள். கைவிட்டாள் என்பதா, மீட்டாள் என்பதா? மடத்துத் துறவி எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறார்.

இந்தக் குறிப்பேடு பிறந்த மடத்துக்கும் அதே வினை நேர்ந்தது. அதற்குச் சரியாக நானூறு ஆண்டுகள் ஆயின. எட்டாம் ஹென்றி உரோமைத் திருச்சபையோடு முறித்துக்கொண்டபின், 1536 முதல் 1540 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த ஏறத்தாழ எண்ணூறு துறவு இல்லங்கள் மூடப்பட்டன. முதலில் ஆண்டு வருமானம் இருநூறு பவுண்டுக்குக் குறைந்த சிறு மடங்கள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. பெரிய மடங்களுக்கு வேறு வழி கையாளப்பட்டது. அரசின் ஆணையர்கள் ஓர் ஓலையோடு வருவார்கள். துறவியர் தம் சொந்த விருப்பத்தின்படியே மடத்தையும் நிலங்களையும் மன்னரிடம் ஒப்படைப்பதாக அதில் எழுதியிருக்கும். கையெழுத்திட்டோருக்கு ஓய்வூதியம் உண்டு. அந்த ஓலைக்குச் ‘சரண்டர்’ என்று பெயர். அதுவும் பிரெஞ்சு வழியே வந்த சொல். பிரித்தால் அதன் நடுவிலும் கொடுத்தல் என்னும் வினையே இருக்கிறது. நீதிமன்றம் பிரெஞ்சுச் சொல்லை உடுத்திக்கொண்டது. தெருவில் நின்ற மனிதன் ‘கிவ் அப்’ என்றான்.

கிளாஸ்டன்பரி மடத்தின் தலைவர் ரிச்சர்டு வைட்டிங் முதிர்ந்த வயதினர். அவர் மடத்தைக் கொடுக்கவில்லை. 1539 நவம்பர் 15 அன்று, தம் மடத்தை நோக்கி நிற்கும் குன்றின் உச்சிக்கு இழுத்துச் செல்லப்பட்டு, இரு துறவியரோடு தூக்கிலிடப்பட்டார், உடல் கூறுபோடப்பட்டது. அதற்கு முந்திய நாள் ரெடிங் மடத்தலைவர் கொல்லப்பட்டிருந்தார். டிசம்பர் முதல் நாள் கோல்செஸ்டர் மடத்தலைவர். வைட்டிங்கைத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1895-இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அவருடைய மடம் இன்று இடிந்த வளைவுகளும் புல்வெளியுமாகக் கிடக்கிறது.

அதே 1539-இல் பீட்டர்பரோ மடத்தலைவர் ஜான் சேம்பர்ஸ் கையெழுத்திட்டார். மடம் மறைந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் மன்னன் அந்தக் கோவிலைப் புதியதொரு மறைமாவட்டத்தின் பேராலயமாக்கி, அதே சேம்பர்சை அதன் முதல் ஆயராகவும் அமர்த்தினான். மன்னன் விலக்கிவைத்த அரசி காத்தரீன் 1536-இல் அந்தக் கோவிலில்தான் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். அவருடைய கல்லறையும், கோவிலின் வண்ணந்தீட்டிய மர விதானமும் இன்றும் அங்கு இருக்கின்றன.

இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தி ஒருவரை வீரர் என்றும் மற்றவரைக் கோழை என்றும் எழுதிவிடுவது எளிது. நமக்கு மனம் வரவில்லை. வைட்டிங்கின் முன் தலைவணங்குகிறோம். ஆனால் சேம்பர்ஸின் மடத்தில் இருந்த முதிய துறவியரும் நோயாளரும் அந்தக் குளிர்காலத்தில் எங்கே போயிருப்பார்கள் என்ற நினைவும் எழாமல் இல்லை. மடத்தைக் கொடுத்துவிட்டவருள் அஞ்சியவரும் இருந்திருப்பர், ஆசைப்பட்டவரும் இருந்திருப்பர், தம்மை நம்பியிருந்தோரைக் காக்க வேறு வழி காணாதவரும் இருந்திருப்பர். ஓலையில் எல்லாருக்கும் ஒரே சொல்.

அதே மன்னனின் காலத்தில் புனித தோமஸ் மூர் 1532 மே 16 அன்று அரச முத்திரையைத் திருப்பிக் கொடுத்துச் சான்சலர் பதவியைத் துறந்தார்; அதுவும் ‘கிவ் அப்’. மூன்று ஆண்டுகள் கழித்து அவரிடம் கேட்கப்பட்டது மனச்சான்று. அதைக் கொடுக்க மறுத்து 1535 ஜூலை 6 அன்று தலையைக் கொடுத்தார். கொடுக்கத் தக்கது எது, கொடுக்கத் தகாதது எது என்று பிரித்தறிந்தவர் அவர். அந்த அறிவை அகராதி தருவதில்லை.

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். வில்லியம் டின்டேல் 1526-இல் அச்சிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் யோவான் 19:30-ஐப் பெயர்க்கையில் ‘கிவ் அப்’ என்றே எழுதினார். அவர் சீர்திருத்த அணியினர், 1536-இல் கொல்லப்பட்டார். அரை நூற்றாண்டு கழித்து, பிரான்சு நாட்டின் ரேம்ஸ் நகரில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கிலக் கத்தோலிக்க அறிஞர்கள் இலத்தீன் விவிலியத்திலிருந்து புதிய ஏற்பாட்டைப் பெயர்த்து 1582-இல் வெளியிட்டனர். டின்டேல் வழியில் வந்த மொழிபெயர்ப்புகளை மறுப்பதற்கென்றே செய்யப்பட்ட பணி அது. எத்தனையோ சொற்களில் வழக்காடிய அவர்களும் இந்த வசனத்தில் ‘கிவ் அப்’ என்றே எழுதினர். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்திலும் அதுவே. எதிர் அணிகள் சிலுவையடியில் ஒரே சொல்லைச் சொன்னார்கள்.

ஆனால் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் ஒரு குழப்பம் உண்டு. ஆபிரகாம் நிறைவாழ்வு வாழ்ந்து இறந்தபோதும் இத்தொடர். திருத்தூதர் பணிகள் நூலில் பொய்யுரைத்த அனனியா விழுந்து இறந்தபோதும் இத்தொடர். புழுத்துச் செத்த ஏரோதுக்கும் இதுவே. எனவே சாதாரண ஆங்கிலேயன் காதில் இது ‘செத்துப்போனான்’ என்பதற்கான இன்னொரு வழக்காக மட்டுமே விழலாயிற்று. இன்று துணி துவைக்கும் பொறி நின்றுபோனாலும், பழைய கார் நடுவழியில் ஓய்ந்தாலும், அது ஆவியைக் ‘கிவ் அப்’ செய்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள். கல்வாரியிலிருந்து பட்டறைவரை ஒரு சொல் இப்படி இறங்கி வந்திருக்கிறது.

யோவான் கிரேக்கத்தில் எழுதியதோ மிகக் கூர்மையானது. மாற்கும் லூக்காவும் இயேசு மூச்சை விட்டார் என்று பொருள்படும் வினையைக் கையாளுகின்றனர். யோவான் அதை விடுத்து, ‘பாராதிதோமி’ என்னும் வினையைத் தேர்கிறார். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றித் தருதல் என்று அதற்குப் பொருள். 18-ஆம் அதிகாரத்தில் யூதாசு செய்தது அந்த வினை. தலைவர்கள் இயேசுவைப் பிலாத்திடம் கொண்டுவந்ததும் அதே வினை. 19:16-இல் பிலாத்து அவரைச் சிலுவைக்கு அனுப்பியதும் அதுவே. பதினான்கு வசனங்கள் கழித்து, அச்சொல் எழுத்துப் பிசகாமல் அதே வடிவில் மீண்டும் வருகிறது. இம்முறை செய்பவர் இயேசு. கை மாறிக் கை மாறித் தள்ளப்பட்டு வந்தவர், கடைசியில் அந்த வினையைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலத்தில் இவை மூன்று வேறு சொற்களாகச் சிதறின. தமிழிலும் காட்டிக்கொடுத்தல், கையளித்தல், ஒப்படைத்தல் என்று பிரிந்தே நிற்கின்றன. மொழிபெயர்த்தோரைக் குறை கூறவில்லை. நம் மொழியில் ஒரே சொல்லை இட்டால் யாருக்கும் விளங்கியிராது.

அந்தக் கிரேக்க வினையின் இலத்தீன் வடிவம் ‘திராதெரே’. அதிலிருந்தே மரபைக் குறிக்கும் ‘டிரெடிஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், துரோகியைக் குறிக்கும் ‘டிரெய்ட்டர்’ என்னும் சொல்லும் பிறந்தன. தந்தை மகனுக்குக் கொடுப்பதும், கோழை பகைவனுக்குக் கொடுப்பதும் ஒரே வேரில். இந்த இரண்டாம் பொருள் திருச்சபைக்குள் ஆழமாகப் பதிந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. அதற்காகச் சற்று விலகி ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம்.

303-ஆம் ஆண்டு தியோக்கிளேசியன் பேரரசன், கிறித்தவர்கள் தம் மறைநூல்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டான். அவ்வாண்டு மே 19 அன்று, இன்று அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் எனப்படும் சிர்த்தா நகரில் நடந்த சோதனையின் அரசுப் பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. முனாசியுஸ் பெலிக்ஸ் என்னும் நகர அதிகாரி, கிறித்தவர் கூடும் வீட்டுக்குள் நுழைந்து, ஆயர் பவுல் அமர்ந்திருக்க, ஒவ்வொரு பொருளாக எழுதச் செய்கிறான். பொற்கிண்ணம் 2. வெள்ளிக் கிண்ணம் 6. பெண்களுக்கான அங்கி 82, முக்காடு 38, ஆண்களுக்கான அங்கி 16, ஆண்களின் காலணி 13 இணை, பெண்களின் காலணி 47 இணை. இந்தக் கணக்கை வாசிக்கையில் நம் மனம் பொற்கிண்ணத்தில் நிற்கவில்லை. 47 இணைக் காலணிகளில்தான் நின்றது. ஏழைகளுக்கு வழங்கவென்று வைத்திருந்தவை போலும்.

நூலறைக்குப் போனால் பேழைகள் வெறுமை. ஒரே ஒரு பெரிய நூல் மட்டும் வருகிறது. மற்றவை வாசகர்களின் வீடுகளில் இருக்கின்றன என்கிறார்கள். திருப்பலியில் மறைநூலை வாசிக்கும் அவ்வாசகர்கள் யார், வீடுகள் எங்கே என்று கேட்டபோது, கத்துல்லீனுஸ், மார்க்குக்ளியுஸ் என்னும் இரு துணைத் திருத்தொண்டர்கள் மறுக்கிறார்கள். நாங்கள் காட்டிக்கொடுப்பவர் அல்லர், வேண்டுமானால் எங்களைக் கொல்லுங்கள் என்கிறார்கள். வேறு சிலர் வழிகாட்ட, அதிகாரி வீடு வீடாகச் செல்கிறான். ஒரு வீட்டில் 4 நூல்கள். கல் பதிக்கும் தொழிலாளி ஒருவர் வீட்டில் 5. இன்னொரு வீட்டில் 8. கொத்தேயோ என்பவர் வீட்டில் கணவர் இல்லை. மனைவி 6 நூல்களை எடுத்து வந்து தருகிறாள். இதற்கு மேல் இருக்கிறதா என்று வீட்டைத் துழாவுகிறார்கள், இல்லை.

இப்படிக் கொடுத்தவர்களுக்குத் ‘திராதித்தோர்’ என்னும் பழிப்பெயர் விழுந்தது. அதுவே ஆங்கிலத்தின் ‘டிரெய்ட்டர்’. அடக்குமுறை ஓய்ந்தபின், அத்தகையோர் கைவைத்து அருட்பொழிவு செய்த ஆயர் ஆயரே அல்லர் என்று ஒரு கூட்டம் பிரிந்தது. தொனாத்துவாதிகள் என்னும் அப்பிரிவினரால் ஆப்பிரிக்கத் திருச்சபை நூறு ஆண்டுகளுக்கு மேல் பிளவுண்டு கிடந்தது. இதில் வேதனையான வேடிக்கை ஒன்று உண்டு. சிர்த்தாவில் அன்று அதிகாரியிடம் வெள்ளிப் பொருள்களை எடுத்துக் கொடுத்தவர்களுள் ஒருவரான சில்வானுஸ், பிற்பாடு பிரிவினையாளரின் ஆயராக அவ்வூரிலேயே வீற்றிருந்தார். 320-இல் அவருடைய திருத்தொண்டரே அவரோடு சண்டையிட்டு, 303-ஆம் ஆண்டின் பதிவை நீதிமன்றத்தில் வாசிக்கச் செய்தார். பதிவு பிழைத்ததே அந்தச் சண்டையால்தான். கொடுத்தவரைப் பழிப்பதில் முன்னே நிற்பவர் யார் என்பதைக் காலம் சில வேளைகளில் இப்படிக் காட்டிவிடுகிறது.

மீண்டும் ஆங்கிலத்துக்கு வருவோம். பிற்காலத்தில் ‘கிவ் அப்’ மேலும் பல கிளை விட்டது. ஒளிந்திருந்தவன் காவலரிடம் தன்னைக் ‘கிவ் அப்’ செய்தால் சரணடைந்தான் என்பது பொருள். இறைவேண்டலுக்குத் தன்னைக் ‘கிவ் அப்’ செய்தால் முழுதும் அர்ப்பணித்தான் என்பது பொருள். நம் ஊரில் கைவிரித்தார் என்கிறோமே, அப்படி மருத்துவர் ஒரு நோயாளியைக் ‘கிவ் அப்’ செய்வதும் உண்டு. தவக்காலத்தில் ஆங்கிலேயர் ஒருவரையொருவர் ‘இந்த ஆண்டு எதைக் கிவ் அப் செய்கிறீர்கள்’ என்று கேட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சாக்லேட்டு என்பதே விடை. நம் வீடுகளில் நாற்பது நாள் மீனையும் இறைச்சியையும் விட்டவர்கள் இதைக் கேட்டால் புன்னகைப்பார்கள்.

அமெரிக்காவில் 1955 டிசம்பர் 1 அன்று மான்ட்கமரி நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையைக் ‘கிவ் அப்’ செய்ய மறுத்தார். அன்று அவர் உடல் களைத்திருந்ததால் எழவில்லை என்று பலர் எழுதினர். தாம் களைத்தது பணிந்து பணிந்து போவதில்தான் என்று அவர் பிற்காலத்தில் விளக்கினார். பணிந்துபோதலுக்கு ஆங்கிலத்தில் ‘கிவ் இன்’ என்பர். ஓர் ஒட்டுச்சொல் மாறினால் இருக்கையிலிருந்து ஆன்மாவுக்குப் பொருள் நகர்ந்துவிடுகிறது.

கடைசியாக ஒரு பொருளைச் சொல்லவேண்டும். திருவெளிப்பாடு 20:13-இல், இறுதி நாளில் கடல் தன்னிடமுள்ள இறந்தோரை வெளியே தருகிறது. ஜேம்ஸ் மன்னர் விவிலியத்திலும், கத்தோலிக்கரின் தூவே-ரேம்ஸ் விவிலியத்திலும் கடல் செய்யும் அவ்வினை ‘கிவ் அப்’ என்றே இருக்கிறது. கப்பலில் இறந்தவரின் உடலைக் கடலில் இறக்கும்போது சொல்லும் செபத்திலும் ஆங்கிலிக்கத் திருச்சபை இச்சொல்லைச் சேர்த்துக்கொண்டது. இங்கே கொடுப்பது கைவிடுவதன்று; விழுங்கியதைத் திருப்பித் தருவது.

இவற்றையெல்லாம் அடுத்த சில நாள்களில் அந்த மாணவியிடம் தனியே சொன்னோம். யோவானின் வினையைப் பற்றிச் சொன்னபோது தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். கடலைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்தாள்.

“ஒக்கியில எங்க மாமா போனாங்க, சார். இன்னும் கெடைக்கல.”

2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலை ஒக்கிப் புயல் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்தவர்களைப் பற்றி நம் வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஏழைப் பங்குகள் பலவற்றில் இன்னும் திருப்பலிக் கருத்துகளில் அந்தப் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அவள் மாமா வீட்டில் அவர் படம் சுவரில் இருக்கிறதாம், மாலை போடவில்லையாம். மாமி விடமாட்டேன் என்கிறார்களாம்.

பயிற்சியின் இறுதி நாளில், படித்த ஒவ்வொரு இணைவினைக்கும் இரண்டு வாக்கியங்கள் எழுதிவரச் சொல்லியிருந்தோம். அவள் ஏட்டில் ‘கிவ் அப்’ என்பதன் கீழ் இரண்டு சிறு ஆங்கில வாக்கியங்கள் இருந்தன. கடல் இன்னும் தரவில்லை என்பது முதலாவது. மாமி இன்னும் விடவில்லை என்பது இரண்டாவது. இரண்டிலும் வினை ஒன்றே. பிழை எதுவும் இல்லை. சரி என்று குறியிட்டு ஏட்டைத் திருப்பிக் கொடுத்தோம்.